போலிச் செயலியும் உழவர் கணக்கும்

சித்தூர் மாவட்டத்தில் மாநில எல்லைகளுக்கு அண்மையிலுள்ள ராமகுப்பம் போன்ற ஊர்களிலும் இன்று அரசு உதவித்தொகை வங்கிக் கணக்கிற்கே நேராக வந்து சேருகிறது. 2019ஆம் ஆண்டு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின்படி, ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் உழவருக்குக் கிடைக்கிறது. இத்திட்டத்தின் பெயரையே மோசக்காரர் வலையாக்கினர். தவணை நின்றுவிடும் என அச்சுறுத்தி, ஏ.பி.கே. என முடியும் கோப்பொன்றை இணைத்த வாட்ஸாப் செய்திகள் பல மாநிலங்களில் பரவின.

இக்கோப்பு செயல்படும் முறையைக் கள ஊழியரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலியை ஆண்ட்ராய்டு செல்பேசி தானாக ஏற்பதில்லை. உரிமையாளர் இசைவளித்தால்தான் ஏற்கும். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் செயலி இசைவு கேட்கும். இதுவே ஆபத்தின் மையம். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் குறுஞ்செய்தியாகவே வருவதால், அது உரிமையாளர் பார்க்குமுன்பே மோசக்காரரைச் சென்றடையும். "விவரம் புதுப்பித்தல்" என்னும் போலிப் படிவம் ஏ.டி.எம். அட்டையின் கடைசி ஆறு எண்களையும் காலாவதித் தேதியையும் கேட்பதும் காரணத்தோடுதான்: யு.பி.ஐ. இரகசிய எண்ணைப் புதிதாக அமைக்க, இவையும் ஓ.டி.பி.யும் பயன்படுகின்றன. உதவித்தொகையைப் பெறுவதற்கோ இவற்றுள் எதுவும் தேவையில்லை.

அறிந்தவர் அனுப்பினார் என்பது சான்றாகாது. ஒருவரது வாட்ஸாப் கணக்கு பிறர் கைக்குப் போனால், அவர் பெயரிலேயே கோப்பு குழுக்களுக்குச் செல்லும். வேளாண் ஊழியரோ ஆசிரியரோ நடத்தும் குழுவானால், ஊரார் ஐயமின்றித் திறந்துவிடுவர்.

கோப்பை ஏற்றிவிட்டவர் உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, சிம் அட்டையைக் கழற்ற வேண்டும். பின்னர் வேறொரு செல்பேசியிலிருந்து 1930 என்ற எண்ணிற்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். திருடிய பணம் பல கணக்குகள் வழியே விரைந்து கைமாறுவதால், முதல் மணி நேரத்தில் தெரிவித்தால்தான் அதை இடையில் முடக்க வாய்ப்பு மிகுதி. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயினும், வங்கிக்கு அறிவித்த பின் நேரும் இழப்பு வங்கியையே சாரும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதித்தது. ஆகவே புகார் எண்ணையும், புகார் அளித்த நேரத்தையும் குறித்து வைத்தல் வேண்டும்.

குழுவில் ஊழியர் பெயரால் கோப்பு சென்றிருப்பின், அதை நீக்கியதோடு நில்லாமல் உறுப்பினர்களுக்கு வாய்மொழியாகவும் அறிவித்தல் வேண்டும். நீக்குமுன்பே அதை ஏற்றியோர் இருக்கக்கூடும்.