ஆம், இல்லை, தொடர்பில்லை

நுழையும்முன்

விடுகதை தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் அதனைப் ‘பிசி’ எனக் குறிப்பிடுகிறார். விடுகதையில் விடைக்கான குறிப்பு அதன் சொற்களுக்குள்ளேயே பொதிந்திருக்கும். குறிப்புகளைக் கேட்டுப் பெறவேண்டிய புதிர்களும் உண்டு. அவற்றில் விடையைவிட வினா அரிது.

பத்தாவது மாடியில் ஒருவர் தனியே குடியிருக்கிறார். காலையில் மின்தூக்கியில் ஏறித் தரைத்தளத்தில் இறங்கி வேலைக்குச் செல்கிறார். மாலையில் திரும்பும்போது ஏழாவது மாடியிலேயே இறங்கி, எஞ்சிய மூன்று மாடிகளையும் படியேறிக் கடக்கிறார். மழை நாள்களில் மட்டும் மின்தூக்கியிலேயே பத்தாவது மாடிக்குச் சென்றுவிடுகிறார். ஏன்?

புதிரைச் சொன்னவருக்கு விடை தெரியும். மற்றவர்கள் எத்தனை வினாக்களையும் எழுப்பலாம். ஆனால், அவர் ‘ஆம்’, ‘இல்லை’, ‘தொடர்பில்லை’ என்னும் மூன்றில் ஒன்றையே மறுமொழியாகத் தருவார்.

உடற்பயிற்சிக்காகப் படியேறுகிறாரா? இல்லை. ஏழாவது மாடியில் யாரையேனும் சந்திக்கிறாரா? இல்லை. மின்தூக்கி பழுதா? இல்லை. மூன்று ‘இல்லை’களைக் கேட்டதும் பலர் சோர்ந்துவிடுவர். உண்மையில் மூன்று தவறான வழிகள் அப்போதே அடைபட்டுவிட்டன. மழை முதன்மையானதா? ஆம். நனைவதோடு தொடர்புடையதா? இல்லை. மழைக்காக அவர் கையில் எடுத்துச் செல்லும் பொருளோடு தொடர்புடையதா? ஆம். இந்த ஓர் ‘ஆம்’ குடையை முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. மின்தூக்கியில் வேறொருவர் உடனிருந்தால் பத்தாவது மாடிவரை செல்வாரா? ஆம். அப்படியானால், பத்தாம் எண் பொத்தான் அவர் கைக்கு எட்டாதா? ஆம்.

அவர் உயரம் மிகக் குறைந்தவர். ஏழாம் எண் வரையே அவர் விரல் எட்டும். குடை இருந்தால் அதன் நுனியால் பத்தை அழுத்திவிடுவார். அவருடைய உடலைப்பற்றி நெடுநேரம் எவரும் வினவவில்லை. கேட்டவர் ஒவ்வொருவரும் தம் உயரத்தையே அவருக்கும் அளித்துவிட்டனர். பொத்தான்களைப் பொருத்தியவரும் அவ்வாறே கருதியிருக்கவேண்டும். புதிருக்கு வெளியிலும் அத்தகைய மின்தூக்கிகள் உள்ளன.

இவ்வகைச் சிந்தனைக்குப் ‘பக்கவாட்டுச் சிந்தனை’ என்னும் பெயரை 1967-இல் வெளியான தம் நூலின் வழியே வழங்கியவர், மால்டா நாட்டில் பிறந்த மருத்துவர் எட்வர்டு டி போனோ (1933 – 2021). அவர் காட்டும் உவமை, குழி தோண்டுதல். தோண்டிய குழியையே மேலும் ஆழப்படுத்துவது ஒருவகை முயற்சி. வேறோர் இடத்தில் தோண்டிப் பார்ப்பது மற்றொரு வகை.

எந்த வினாவை முதலில் எழுப்புவது? ஒன்றுமுதல் ஆயிரம் வரையுள்ள எண்களில் ஒன்றை ஒருவர் நினைத்துக்கொள்வதாகக் கொள்வோம். ‘அது ஏழா?’ எனக் கேட்டு ‘இல்லை’ எனப் பெற்றால் ஓர் எண் மட்டுமே விலகும். ‘ஐந்நூற்றைவிடப் பெரியதா?’ எனக் கேட்டால் எந்த மறுமொழி வந்தாலும் ஐந்நூறு எண்கள் விலகும். இவ்வாறு பாதிபாதியாகக் குறைத்துச் சென்றால் பத்து வினாக்கள் போதும். இருபது வினாக்களில் 10,48,576 பொருள்களுள் ஒன்றைப் பிரித்தறியலாம். வினாவில் இரண்டு கருத்துகளை முடிந்துவிடுவதும் தவறு. ‘அண்டை வீட்டாரோடு பகை என்பதால் ஏழாவது மாடியில் இறங்குகிறாரா?’ என்பதற்கு ‘இல்லை’ என்றால், பகையே இல்லையா, பகை இருந்தும் அது காரணமில்லையா என்பது விளங்காது.

எனினும், எண் விளையாட்டில் விடை எந்த எல்லைக்குள் உள்ளது என்பது முன்பே தெரியும். புதிரில் அவ்வுறுதி இல்லை. கேட்பவர் மனத்தில் வகுத்துக்கொண்ட எல்லைக்கு வெளியே விடை இருந்தால், எத்தனை முறை பாதியாக்கினும் அது அகப்படாது. நன்கறியப்பட்ட மற்றொரு புதிர் இதனைக் காட்டும். சாலை விபத்தில் தந்தை அங்கேயே இறந்துவிடுகிறார். படுகாயமுற்ற மகனை அறுவை அரங்கிற்குக் கொண்டுசெல்கின்றனர். அறுவை மருத்துவர் அவனைக் கண்டதும், “இவன் என் மகன், என்னால் இயலாது” என்று விலகிவிடுகிறார்.

இறந்தவர் வளர்ப்புத் தந்தையா? இல்லை. குழந்தைப் பருவத்தில் பிள்ளை மாறிவிட்டதா? இல்லை. மருத்துவர் ஆளை அடையாளம் தவறிவிட்டாரா? இல்லை. தொடர்ந்து ‘இல்லை’ என்றே வரும்போது, அடுத்த வினாவைத் தேடுவதைவிட இதுவரை கேட்ட வினாக்கள் அனைத்திலும் பொதுவாக இருப்பது எது எனத் தேடுவதே வழி. அவை யாவும் மருத்துவரை ஆண் எனக் கொண்டவை. அவர் அச்சிறுவனின் தாய்.

இப்புதிர் தமிழுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ‘மருத்துவர் விலகிவிடுகிறார்’ என்னும் தொடரில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. உயர்வு குறித்த ‘ஆர்’ ஈறு இருபாலுக்கும் பொது. மொழி திறந்தே வைத்திருந்த கதவைக் கேட்டவர் மனமே சாத்திக்கொண்டது. அதுவும், முத்துலெட்சுமி 1912-இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்த மண்ணில்.