ஒளி வளையமும் உயிர் மூலக்கூறும்

பிராக் விதியைப் பாடமாகப் படிக்கும் நாம் அதை உப்புப் படிகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே விதி உயிரணுவின் உள்ளே வரை சென்றிருப்பதை ஈண்டுக் காண்போம்.

கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 4000 முதல் 7000 ஆங்ஸ்ட்ராம். மூலக்கூறில் அணுக்களுக்கிடையே உள்ள தொலைவோ 1.5 ஆங்ஸ்ட்ராம் அளவே. எனவே இங்கு எக்ஸ் கதிரே துணை. படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளிலிருந்து உருவத்தைக் கணக்கிட்டு அறிய வேண்டும்.

இத்துறையில் தமிழகம் பின்தங்கியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55 ஆண்டுகளில் கொல்லாஜன் புரதத்தின் அமைப்பை வெளியிட்டனர். மூன்று இழைகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கின்றன என்றனர். (நூலோடும் தறியோடும் பழகிய நம் ஊராருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ!) ஒரே பாங்கு திரும்பத் திரும்ப வரும் இழையாதலால் சாதாரண எக்ஸ் கதிர்க் குழாயே அவர்களுக்குப் போதுமாயிற்று.

ரைபோசோம் அத்தகையதன்று. அது புரதம் நெய்யும் தறி. பாக்டீரியாவில் அதன் சிறு பகுதியில் மட்டும் நீண்ட ஆர்.என்.ஏ. இழையொன்றும் சுமார் 20 புரதங்களும் பின்னிக் கிடக்கின்றன. அதன் படிகம் தரும் புள்ளிகள் நெருக்கமானவை, மிக மங்கலானவை. இங்கேதான் சிங்க்ரோட்ரான் தேவைப்படுகிறது. வெற்றிட வளையத்தில் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்களைக் காந்தம் வளைக்கும்போது, தொடுகோட்டுத் திசையில் செறிவுமிக்க எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது.

செறிவினும் சிறப்பு, வேண்டிய அலைநீளத்தைத் தேர்ந்துகொள்ள முடிவதே என்பது என் எண்ணம். புள்ளி நமக்குச் செறிவைத் தருமேயன்றி அலையின் கட்டத்தைத் தராது; கட்டமின்றி உருவமில்லை. படிகத்தில் கன அணுக்களைப் புகுத்தி, அவை கதிரை உட்கவரும் அலைநீளத்தையொட்டி மாற்றி மாற்றி அளந்தால் கட்டத்தைக் கணிக்கலாம். ஆயினும் உருவத்தைக் காட்டும் கதிரே படிகத்தைச் சிதைத்தும் விடும். அதனால் சுமார் -173 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தே அளக்கிறார்கள்.

1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணனின் குழு, அச்சிறு பகுதியின் அமைப்பை 3 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் 2000-இல் வெளியிட்டது. டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் தறியில் எங்கே ஒட்டி அதை நிறுத்துகின்றன என்பதும் தெளிவாயிற்று. 2009-இல் ஸ்டைட்ஸ், யோனத் ஆகியோருடன் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் இளங்கலையில் படித்தது இயற்பியல். "பிசிக்ஸ் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்கப்படும் என் போன்றோர் இதைக் குறித்துக்கொள்க.

நம் நாட்டில் இந்தூரில் இண்டஸ்-2 வளையம் உள்ளது. சுற்றளவு 172.5 மீட்டர், ஆற்றல் 2.5 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். புரதப் படிகங்களுக்கென்றே அங்கு ஒரு கதிர்வழி அமைத்திருக்கிறார்கள்.