இருளில் ஒளிரும் குடை

நேற்று மாலை வெறுந்தரையாகக் கிடந்த இடத்தில் இன்று காலை வெண்குடைகள் விரிந்து நிற்கின்றன. விதைத்தவர் எவருமில்லை, நீர் வார்த்தவரும் இல்லை. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊர்ப்பெரியோர் கூறுவதை, விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது நீங்கள் கேட்டிருக்கலாம். உண்ணத்தகாத காளானை அவர்கள் நாய்க்குடை என்று ஒதுக்குவர்.

உண்மையில் நாம் காணும் குடை, பூஞ்சை என்னும் உயிரின் ஒரு சிறு பகுதியே ஆகும். அதன் உடல், நூலினும் மெல்லிய இழைகளாக மண்ணுக்குள்ளும் மட்கிய மரத்துக்குள்ளும் நெடுங்காலம் பரவிக் கிடக்கிறது. இடியோடு வரும் மழை மண்ணை நனைத்ததும், அரும்பிய மொட்டு நீரை உறிஞ்சி விரைந்து விரிகிறது.

மழைக்கால இரவொன்றில் மேகாலயத்தின் மூங்கிற்காட்டில் நடப்பதாக எண்ணிப் பாருங்கள். நிலவில்லை, விளக்குமில்லை. காலடியில் பட்டுக் கிடக்கும் மூங்கிலின்மேல் பச்சை நிறத்தில் ஏதோ ஒளிர்கிறது. கொள்ளிவாய்ப் பேயின் கதையைக் கேட்டு வளர்ந்தவர், அக்கணமே திரும்பி ஓட நினைப்பர். அங்கு வாழும் மக்களோ அஞ்சுவதில்லை. ஒளிரும் மூங்கிற்கழியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் வெளிச்சத்தில் வழி கண்டு நடப்பர்.

அம்மக்கள் காட்டிய வழியில் சென்ற ஆய்வாளர்கள், கிழக்குக் காசி மலையிலும் மேற்கு ஜயந்தியா மலையிலும் இக்காளானைக் கண்டனர். அறிவியல் அதுவரை அறியாத இனம் இது என்பது 2020ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரிவிக்கப்பட்டது. வியப்பு யாதெனில், இதன் குடை ஒளிர்வதில்லை. காம்பு மட்டுமே ஒளிர்கிறது.

ஒளிரும் காளான்களுக்குள் லூசிஃபெரின் என்னும் பொருள் உள்ளது. நொதிகளின் துணையால் அது ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது, சுடுவதில்லை. மின்மினியின் ஒளியும் ஏறத்தாழ இம்முறையில் தோன்றுவதே. ஆயினும் இரண்டின் லூசிஃபெரினும் வெவ்வேறானவை. இரவில் பூச்சிகளை ஈர்த்து, அவற்றின் வாயிலாகத் தன் நுண்வித்துகளைப் பரப்பவே சில காளான்கள் ஒளிர்கின்றன என்று ஆய்வாளர் சிலர் கருதுவர்.

இத்தகைய ஒளியைப் பயன்கொண்டோர் மேகாலய மக்கள் மட்டுமல்லர். 1775இல் அமெரிக்கர் டேவிட் புஷ்னெல் உருவாக்கிய 'டர்ட்டில்' என்னும் சிறு நீர்மூழ்கிக் கலத்தில், திசைகாட்டியின் முள்ளைக் காண ஒளிரும் பூஞ்சை படர்ந்த மரத்துண்டே விளக்காயிற்று.

மேகாலயத்துக்கு அண்மையில் உள்ள அசாமில் நிகழ்ந்தது வேறொரு கதை. அங்கு 2022 ஏப்ரலில் காட்டுக் காளானைச் சமைத்து உண்ட 13 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். காளான் பறித்துச் சமைப்பது அவர்களுக்குப் புதிய வழக்கமன்று. அவர்கள் பறித்தது இருளில் ஒளிரவில்லை, எவரையும் அச்சுறுத்தவுமில்லை.

நச்சுக் காளான்களுள் மிகக் கொடியது 'டெத் கேப்', அதாவது மரணத் தொப்பி. இளம்பச்சை தோய்ந்த அழகிய குடையுடையது. சுவையும் நன்றாகவே இருந்தது என்று உண்டு பிழைத்தோர் கூறியுள்ளனர். உண்டபின் ஆறு முதல் பன்னிரண்டு மணிநேரம் வரை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பின்னர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்து அவை தணியும். நோயாளி எழுந்து உட்கார்வார். வீட்டார் மனம் ஆறுதலடையும். அந்நேரத்தில் நஞ்சு அவருடைய கல்லீரலை அழித்துக்கொண்டிருக்கும். பேய்க்கதைகளிலும் இத்தகைய வஞ்சம் அரிது.

வேகவைத்தாலும் வறுத்தாலும் உலர்த்தினாலும் இந்நஞ்சு அழியாது. நச்சுக் காளானோடு வேகும் வெள்ளிக் கரண்டி கறுக்கும் என்று சிலர் கூறுவது பொய்யான சோதனை. பூச்சி அரித்திருப்பதும் சான்றாகாது. நம்மைக் கொல்லும் காளான் சில பூச்சிகளுக்கு உணவாகும். தவறான காளானை உண்டதாக ஐயம் எழுந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீந்த காளான் இருப்பின் அதனையும் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

சொற்பொருள்
மட்கிய – அழுகி மண்ணோடு கலந்த
வஞ்சம் – ஏமாற்று
ஐயம் – சந்தேகம்

சிந்தித்து விடையளிக்க
1. மூங்கிற்காட்டில் ஒளியைக் கண்ட புதியவரும் அவ்வூர் மக்களும் நடந்துகொள்ளும் முறையில் உள்ள வேறுபாட்டிற்குக் காரணம் யாது?
2. மரணத் தொப்பியை உண்டவர் நலமடைந்தது போலத் தோன்றுவது ஏன் ஆபத்தானது?
3. காளானைப் பற்றி உங்கள் தாத்தா, பாட்டி கூறும் செய்தி ஒன்றைக் கேட்டு எழுதி வருக.