இலை வராத தடி: ஈழத்தலரி நடுவோர் கவனத்துக்கு

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் கொட்டில்களுக்கு முன்னால் ஒரு பொருளை நாம் அடிக்கடி காண்கிறோம். எண்ணெய்த் தகரத்திலோ உடைந்த வாளியிலோ ஊன்றிய ஈழத்தலரித் தடி அது. ஊர் வளவைப் பார்க்கப் போனபோது முறித்து வந்ததாகச் சொல்வார்கள். அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "நட்டு ஒரு மாதமாகிவிட்டது, இலையைக் காணவில்லை. என்ன பசளை போடலாம்?"

பசளை ஒன்றும் வேண்டாம். தண்ணீரையும் குறைக்க வேண்டும். இதை விளங்கிக்கொண்டால் பல தடிகள் பிழைக்கும்.

சோறு போடாத மரத்துக்கு ஏன் ஒரு பாடம் என்று சிலர் கேட்கக்கூடும். ஈழத்தலரியின் விதையை முளைக்க வைத்தால் வருவது தாய்மரத்தைப் போல இராது; பூவின் நிறமே மாறலாம். தடியில் வளர்வதோ அதே மரம். வீடு இடிந்து, வளவும் அழிந்து, பழைய மரமும் தறிக்கப்பட்டிருந்தால் கையில் உள்ள தடிதான் அந்த மரத்தின் மிச்சம். அது அழுகினால் திரும்ப எடுக்க இடமில்லை.

பெயர் ஈழத்தலரியானாலும் இது ஈழத்தில் பிறந்த மரமன்று. மத்திய அமெரிக்கா, கரிபியன் தீவுகள் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தது. 'புளூமேரியா' என்ற அதன் தாவரவியற் பெயர், 17 ஆம் நூற்றாண்டில் அப்பகுதித் தாவரங்களை ஆராய்ந்த சார்ள் புளூமியே என்ற பிரெஞ்சுத் துறவியை நினைவுகூர்வது. நீண்ட வறட்சி வரும் நிலங்களில் வளர்ந்த மரமாதலால் நீரையும் உணவையும் தடித்த தண்டிலே சேமித்து வைக்கிறது. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கிறது.

எமது விவசாயிகளுக்குத் தடி நடுவது புதிதன்று. கிளுவை, பூவரசு, முருங்கைக் கதியால்களை மாரி தொடங்கும்போது நட்டு வேலி அடைத்தவர்கள் நாம். அந்தப் பழக்கமே இங்கு தவறு செய்ய வைக்கிறது. கதியாலுக்கு மழை நல்லது. ஈழத்தலரித் தடிக்கு வேர் வருமுன் மழை ஆகாது. இலையில்லாத தடி தண்ணீரை மிகக் குறைவாகவே எடுக்கும். ஊற்றிய நீர் தகரத்திலேயே நிற்க, மண்ணில் காற்று அற்றுப்போய், வெட்டுவாயில் அழுகல் பிடிக்கிறது. ஆகவே மாசி, பங்குனியில் நடுவது சிறந்தது. ஐப்பசி மழைக்கு முன் வேர் நன்றாக ஓடிவிடும்.

பச்சைத் தடியை விட, சாம்பல் நிறத் தோல் கொண்ட முற்றிய தடியே நல்லது. ஒரு அடி முதல் ஒன்றரை அடி நீளம் போதும். தடி நீளமாயிருந்தால் இரண்டாக வெட்டி இரண்டு தகரங்களில் நடுங்கள். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். நுனியில்லாத துண்டும் பக்கத்தால் துளிர்க்கும். ஆனால் அடி எது, தலை எது என்று அடையாளம் வைக்க மறக்க வேண்டாம். வெட்டும்போது வடியும் பால் கண்ணில் படக்கூடாது, பிள்ளைகளையும் எட்ட வையுங்கள். இலைகளைக் கிள்ளிவிட்டு, தடியை நிழலில் ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வரை கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்து பொருக்குக் கட்டிய பின்பே நட வேண்டும். இதில் அவசரப்படுவோர்தான் அதிகம்.

தகரத்தின் அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளைகள் இடுங்கள். குருமணல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு. எரு வேண்டாம். மூன்று, நான்கு அங்குல ஆழத்தில் தடியை ஊன்றி, ஆடாமல் ஒரு கம்போடு கட்டுங்கள். ஆடினால் புதிதாக வரும் மெல்லிய வேர் அறுந்துபோகும். பிள்ளைகள் வேர் வந்ததா என்று இழுத்துப் பார்ப்பார்கள், பெரியவர்களும் பார்ப்பதுண்டு!

நட்ட அன்று ஒருமுறை நன்றாக ஊற்றுங்கள். பிறகு இரண்டு அங்குலம் வரை விரலை விட்டுப் பார்த்து, மண் முற்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் அரைச் சிரட்டை நீர். பத்து நாளுக்கு ஒருமுறை போதும். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் இடங்களில் இது ஒரு வசதியும்கூட. முதல் இரண்டு கிழமை காலை வெயில், பின்பு முழு வெயில். மண் சூடாக இருந்தால் வேர் விரைவாக வரும். மழை பெய்தால் தாழ்வாரத்துக்குள் இழுத்து வையுங்கள்.

நான்கு முதல் எட்டுக் கிழமைக்குள் நுனியில் பச்சை தெரியும். சில தடிகள் மூன்று மாதமும் எடுக்கும். அதுவரை விரலால் தடியை மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிருண்டு. தோல் சற்றுச் சுருங்கினாலும் பயமில்லை. அடி மெதுவாகிக் கறுத்தால் அழுகல்; உடனே பிடுங்கி, உள்ளே வெள்ளையாகத் தெரியும் வரை வெட்டி எறிந்து, மீண்டும் காயவைத்துப் புது மணலில் நடுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும்.

முதலில் தெரியும் சிறு இலைக் கூர்களைக் கண்டு ஏமாறவும் கூடாது. அவை தண்டில் சேமித்த உணவால் வருபவை. வேர் இல்லாமலும் வரும். அந்த மகிழ்ச்சியில் வாளி வாளியாக ஊற்றிக் கொன்ற தடிகள் பல. இலைகள் விரிந்து கையளவு நீண்டு, தொடர்ந்து புதிது வந்தால்தான் வேர் ஓடிவிட்டது. இலைக்கு முன் பூமொட்டு வந்தால், மனம் வராவிட்டாலும், கிள்ளிவிடுங்கள். வேருக்குப் போக வேண்டிய உணவை அது தின்றுவிடும்.

நான்கைந்து இலை விரிந்த பின் நீரைப் படிப்படியாகக் கூட்டலாம். ஒரு பிடி மக்கிய கூட்டெருவும் அப்போது இடலாம். இலையின் கீழே மஞ்சளும் சிவப்பும் கலந்த தூள் கண்டால் அது துருநோய். அந்த இலைகளைப் பறித்து எரித்து, நீரை இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள்.

காணி உங்களுடையதாக இல்லாவிட்டால் நிலத்தில் இறக்க அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகள் தகரத்தை மாற்றி மாற்றி வைத்தே வளர்க்கலாம். நிலத்தில் வளர்ந்துவிட்ட மரத்தை விட்டுப் போக நேர்ந்தால், முற்றிய கிளை ஒன்றை வெட்டிச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். ஈரம் படாமல் வைத்தால் ஒரு மாதம் கழித்தும் நடலாம்.