தோல் தைக்கப் பழைய மெசின் வாங்கப் போகிறீர்களா?

தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் சாப்பாட்டுக் கடையிலும் புடைவைக் கடையிலும்தான் நிற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையில் சின்னச் சின்ன அறைகளில் பேக், பெல்ட், மணிபர்ஸ், செருப்பு தைக்கும் இடங்களிலும், வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய தையல் கடைகளிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்தாறு வருடம் மற்றவருக்குத் தைத்துக் கொடுத்த பிறகு, நமக்கென்று ஒரு மெசின் இருந்தால் நல்லது என்ற எண்ணம் வருவது இயற்கை. உடனே வீட்டுக்குப் போன் வரும். அப்பாவின் சேமலாப நிதி, அம்மாவின் சேவைக்காலப் பணம், அடகுக்குப் போகும் தோடு, இவைதான் அந்த மெசினின் விலை. ஆகவே இந்தப் பாடம் பிள்ளைக்கு மட்டுமல்ல, காசு கொடுக்கும் பெற்றோருக்கும்தான்.

சேமலாப நிதியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதை எடுக்கலாம். வேலையில் இருக்கும்போதே நூற்றுக்கு 30 எடுக்கும் வசதி வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும்தான். மெசின் வாங்க எடுத்துத் தருகிறேன் என்று யாராவது படிவத்தோடு லயத்துக்கு வந்தால் கையெழுத்து வைக்காதீங்க.

சரி, மெசினுக்கு வருவோம். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து இலங்கையில் காமன்ட்ஸ் மெசின்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. 2005இல் துணி ஏற்றுமதிக் கோட்டா முறை முடிந்தது. 2010இல் ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை நின்று, 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. இடையிலே மூடிய தொழிற்சாலைகளின் மெசின்கள் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு புது மெசினை நினைத்தும் பார்க்க முடியாமல் போனது. அதனால் பழைய மெசினுக்குக் கேள்வி கூடியது. ஆனால் அந்தக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஜூக்கி டி.டி.எல். 5550 போன்ற துணி தைக்கும் மெசின். நல்ல மெசின்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது தோலுக்கு அல்ல.

ஏன் அல்ல? துணி மெசினில் அடியில் இருக்கும் பல் மட்டும்தான் துணியை இழுக்கும். மேலே இருக்கும் பாதம் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கும். துணி வழுக்கிப் போய்விடும். தோல் அந்த இரும்புப் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ்த் தோல் முன்னே போக மேல் தோல் பின்தங்கும். ஒரு அடி தைத்துப் பார்த்தால் இரண்டு நுனியும் சேராது. அடிப் பக்கத்தில் பல்லின் தழும்பும் விழும். துணியில் பிழை வந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது, அந்தத் துண்டு வீண்.

தோலுக்கு வேண்டியது "நடக்கும் பாதம்" உள்ள மெசின். அதில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பாதம் இருக்கும். ஒன்று அழுத்தும்போது மற்றது தூக்கி முன்னே போகும், ஆள் நடப்பது போல. தோலுக்குள் இறங்கிய ஊசியும் பல்லோடு சேர்ந்து நகரும். மேலும் கீழும் நடுவும் ஒன்றாகப் போவதால் தோல் வழுகாது. ஜூக்கி எல்.யு. 563, கொன்சியூ 206, பழைய சிங்கர் 111 டபிள்யூவில் சில வகைகள் எல்லாம் இந்த இனம். கடைக்காரர் எல்லா மெசினையும் "லெதர் மெசின் தம்பி" என்றுதான் சொல்லுவார். நீங்கள் மோட்டரைப் போடாமல் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி மேலும் கீழும் மட்டும் போகிறதா, அல்லது முன்னும் பின்னும் அசைகிறதா? அசையாவிட்டால் விலை பேச வேண்டாம்.

வாங்கிவிட்ட துணி மெசின் வீட்டில் இருக்கிறதா? எறிய வேண்டியதில்லை. ஒட்டாத வெள்ளை டெப்லோன் பாதம் அல்லது உருளைப் பாதம் மாட்டி, மொத்தம் 2 மில்லிமீட்டர் வரை உள்ள மெல்லிய தோல், ரெக்ஸின் தைக்கலாம். பள்ளிக்கூடப் பேக் தைக்கிறவருக்கு அதுவே போதும். பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் போதாது. ஒன்றரை மில்லிமீட்டர் தோலை இரண்டாக வைத்து ஓரம் மடித்தால் அந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் வந்துவிடும்.

அடுத்தது, என்ன தைக்கப் போகிறோம் என்பது. மணிபர்ஸ், பெல்ட் என்றால் தட்டையான மேசை மெசின் சரி. சுற்றி மூடிய கைப்பைக்குக் குழாய் மாதிரிக் கை நீட்டிய மெசின் வேண்டும், ஜூக்கி எல்.எஸ். 341 அந்த வகை. சப்பாத்தின் மேல் பகுதிக்கு நட்டுக்குத்தாகத் தூண் நிற்கும் மெசின். கைப்பைதான் தொழில் என்றால் மலிவு என்பதற்காகத் தட்டை மெசினை வாங்கிவிட்டு ஒவ்வொரு பையோடும் மல்லுக்கட்ட வேண்டாம். செருப்புத் திருத்தும் இடங்களில் நிற்கும் நீளக்கை சிங்கர் 29 கே எல்லாருக்கும் தெரியும். பாதம் எந்தப் பக்கமும் திரும்பும், ஒட்டுப் போட அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் அதன் பொபின் மிகச் சிறியது, வேகமும் இல்லை. திருத்த வேலைக்கு வாங்கலாம், நூறு பேக் தைத்துக் கொடுக்க வாங்கக் கூடாது. கே என்ற எழுத்து ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்ததைக் குறிக்கும். அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. அதைப் "புதுசு மாதிரி" என்று யாரும் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீங்க. தைக்கப் போகும் அதே தோலில் நாலைந்து துண்டு, அதே நைலோன் நூல், ஒரு அடிமட்டம், ஒரு டோர்ச் கொண்டு போங்க. கடைக்காரர் தன்னுடைய துணியில் அழகாகத் தைத்துக் காட்டுவார். அது நமக்குத் தேவையில்லை. தையலை 4 மில்லிமீட்டரில் வைத்து 20 தையல் போட்டு அளந்தால் 8 சென்றிமீட்டர் வர வேண்டும். பிறகு இரண்டு மடிப்பிலிருந்து நாலு மடிப்புக்கு ஏறுகிற இடத்தில் தைத்துப் பாருங்கள். அந்த ஏற்றத்தில் தையல் குறுகிப் போனால் மெசினால் இழுக்க முடியவில்லை என்று அர்த்தம். துண்டைத் திருப்பிப் பார்த்து, அடி நூல் வளையமாகத் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தோலில் தையல் மிக நெருக்கமாகவும் இருக்கக் கூடாது. முத்திரைத் தாள் போல அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும்.

டோர்ச் எதற்கு? மேசைக்கு அடியில் கொக்கியைப் பார்க்க. நூலைப் பிடிக்கும் அதன் நுனி கூராக, பளபளப்பாக இருக்க வேண்டும். உடைந்தோ துருப்பிடித்தோ இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஊசித்தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் வேண்டாம். சில மெசினில் சக்கரம் சுற்றும், கொக்கி மட்டும் சுற்றாது. பயப்பட வேண்டாம். சிங்கர் 111, எல்.யு. 563 போன்றவற்றில் நூல் சிக்கினால் உடையாமல் கழன்றுகொள்ளும் ஒரு கிளட்ச் உண்டு. அதைத் திரும்ப மாட்டிவிடலாம். இது தெரிந்தவன் கழன்ற மெசினை "உடைஞ்சது" என்று பேசி விலை குறைப்பான், தெரியாதவன் நல்ல மெசினை விட்டுவிட்டு வருவான்.

ஊசியையும் கேளுங்கள். காமன்ட்ஸ் மெசினுக்கு 16×231 என்ற இன ஊசி, நடக்கும் பாத மெசின்களில் அநேகமாக 135×17. ஒன்றை மற்றதற்குப் போட முடியாது. தோலுக்கு நுனி வெட்டும் ஊசி தனியாக உண்டு, 18 முதல் 22 இலக்கம் வரை வாங்கி வையுங்கள். பழைய ஜேர்மன் பாப், அட்லர் மெசின்கள் தங்கமானவை என்று கைதேர்ந்தவர்கள் சொல்வது உண்மை. ஆனால் ஒரு கொக்கி போனால் தேடி அலைய வேண்டும். முதல் மெசினாக அதை வாங்கச் சொல்லமாட்டேன்.

நிறையப் பேர் ஏமாறுவது மோட்டரில். தொழிற்சாலை மோட்டர் பல மூன்று பேஸ் கரண்டுக்குச் செய்தவை. கொட்டாஞ்சேனை வாடகை அறையிலும் சரி, நம் லயத்திலும் சரி, இருப்பது ஒரு பேஸ் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து நேரே வந்தது 100 வோல்ட்டாக இருக்கும். மோட்டரில் ஒட்டிய தகட்டை வாசிக்காமல் காசு எண்ணக் கூடாது. கிளட்ச் மோட்டர் நிமிடத்துக்கு 2850 சுற்று அளவில், தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் பில் ஏறும், தோலுக்கு அந்த வேகமும் ஆகாது. கைக்காசு இருந்தால் சேர்வோ மோட்டர் மாட்டுங்கள். காலால் அழுத்தினால்தான் ஓடும், ஒவ்வொரு தையலாகவும் போகலாம். இல்லையென்றால் சின்னக் கப்பி மாற்றி வேகத்தைக் குறைக்கலாம்.

கணக்கு ஒன்றும் போட்டுப் பாருங்கள். மெசின் ஒரு லட்சம் என்று வைப்போம். வாரம் 30 பேக், தைத்த கூலி ஒன்றுக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 12,000. நூல், கரண்ட், அறை வாடகைப் பங்கு என்று 4,000 போனால் மிச்சம் 8,000. போட்ட காசு திரும்பவே ஒரு வருடத்துக்கு மேல். அந்த 30 பேக்கை யார் வாங்குவார் என்று பிள்ளையால் கடையின் பெயரோடு சொல்ல முடியாவிட்டால் தோட்டை அடகு வைக்காதீங்க. இரண்டு ஊசியும் குத்தூசியும் கொண்டு கையால் தைத்து விற்றுப் பழகட்டும். கைத்தையல் மெசின் தையலை விட உறுதி. மெசின் தையலில் ஒரு நூல் அறுந்தால் அடுத்தடுத்துப் பிரியும்.

தோல் வேலை என்றால் முகம் சுளிக்கிற பழக்கம் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது. கையில் தோல் பேக்கோடு கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகிற நாம், அதைத் தைத்த பிள்ளையைக் குறைவாகப் பேசுவது எந்த நியாயமோ தெரியவில்லை.

விலை படிந்தால் பில் எடுக்காமல் மெசினைத் தூக்கக் கூடாது. தலையில் அடித்திருக்கும் இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், களவு மெசின் என்று பிறகு யாரும் வந்தால் அதுதான் சாட்சி. தலை மட்டுமே 30 கிலோ அளவு இருக்கும். தோட்டத்துக்குக் கொண்டு வருவதென்றால் எண்ணெயை வடித்து, பட்டியைக் கழற்றி, தலையை மேசையிலிருந்து பிரித்துப் பழைய மெத்தையில் சுற்றுங்கள். பொபின் பெட்டி, முழங்கால் தூக்கி, ஊசித் தட்டு ஆணி எல்லாவற்றையும் தனிப் பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். லொறியில் போட்டால் வந்து சேராது.