டில்லி கண்ட காமாலை: பொதுச் சுகாதாரத்தில் ஒரு பாடம்

மருத்துவம் என்றவுடன் நம் மனக்கண் முன் வருபவை மருந்துப் புட்டியும் ஊசியுமே. ஆனால், ஊர் முழுவதையுமே ஒரு நோயாளியாகக் கருதி நாடி பிடித்துப் பார்க்கும் துறை ஒன்று உண்டு. அதுவே பொதுச் சுகாதாரம். டில்லிப் பல்கலைக் கழகத்தின் மருத்துவ அறிவியல் கல்லூரி 1971-இல் தொடங்கப்பெற்று, இன்று யமுனைக்குக் கிழக்கே தில்ஷாத் கார்டனில் நடைபெற்று வருகிறது. அங்கே இது சமுதாய மருத்துவம் என்னும் தனிப் பாடம். மருத்துவம் பயிலாத நாமும் இத்துறையின் ஆராய்ச்சி முறையை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. அதை விளக்க, இந்நகரிலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

நிகழ்ந்தது என்ன?

டில்லிக்குக் குடிநீர் எடுக்கும் இடங்களுள் முதன்மையானது வஜீராபாத். அதற்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் நகரின் கழிவையெல்லாம் சுமந்து வந்து யமுனையில் கலக்கிறது. 1955-ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்தபின் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. கீழே ஓட வேண்டிய சாக்கடை நீர், நவம்பர் நடுவில் சில நாட்கள் எதிர்த்து ஏறி, குடிநீர் எடுக்கும் வாயையே எட்டிவிட்டது. இதைக் கண்ட நீர் நிலையத்தார் குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். ஆபத்து நீங்கியது என்றே தோன்றியது.

டிசம்பர் மாதம் பிறந்தது. வீட்டுக்கு வீடு கண் மஞ்சளித்தது. ஜனவரி முடிவதற்குள் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையால் வருந்தினர். டில்லிப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் தலைவர் டாக்டர் ஆர். விசுவநாதன் இதை விரிவாக ஆராய்ந்து, 1957-இல் வெளியிட்டார். மார்பு நோய் வல்லுநர் ஒருவர் காமாலையின் தடம் தேடி நகரெங்கும் கணக்கெடுத்தார் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

மூன்று வினாக்கள்

பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர் கேட்கும் வினாக்கள் எளியவை: எப்பொழுது? எங்கிருந்து? யாருக்கு?

முதலாவது, எப்பொழுது? நோயாளிகளை நாள்வாரியாக எண்ணி வரைபடம் இட்டால், அது மலைபோல் ஏறி விரைவிலேயே இறங்குகிறது. பலரும் ஏறத்தாழ ஒரே வேளையில் நஞ்சுண்டனர் என்பதற்கு அதுவே அடையாளம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மெல்லப் பரவும் நோய் இவ்வாறு ஒரே சிகரமாக எழுவதில்லை. கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட ஐந்தாறு வாரங்கள் ஆகும். அந்நாட்களைச் சிகரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்தால், நாம் வந்து நிற்பது நவம்பர் நடுவில்!

இரண்டாவது, எங்கிருந்து? தண்ணீரே காரணம் என்றால் டைபாய்டும் சீதபேதியும் அல்லவா உடன் பெருகியிருக்க வேண்டும்? அவை பெருகவில்லை. குளோரின் அந்நோய்களின் பாக்டீரியாக்களை அழித்துவிட்டது. காமாலையின் வைரஸோ தப்பிவிட்டது. தண்ணீரைச் சோதித்து, பாக்டீரியா இல்லை என்று கண்டால் மட்டும் அது தூயது ஆகிவிடாது என்ற உண்மையை உலகம் இங்கே கற்றது.

மூன்றாவது, யாருக்கு? குழந்தைகளைவிட இளவயதினரே மிகுதியாக நோயுற்றனர். கருவுற்ற பெண்களின் நிலையோ நெஞ்சை உருக்குவது. மற்றவர்களுள் நூற்றுக்கு ஒருவர் இறப்பதே அரிதாயிருக்க, நோயுற்ற கர்ப்பிணிகளுள் ஏறக்குறைய பத்தில் ஒருவர் மாண்டனர். அன்று அறியப்பட்டிருந்த காமாலை வைரஸ் நம் நாட்டில் பெரும்பாலோரைக் குழந்தைப் பருவத்திலேயே தொற்றி, வாழ்நாள் பாதுகாப்பையும் அளித்துவிடும். அவ்வாறிருக்க இளைஞர்கள் ஆயிரக் கணக்கில் வீழ்ந்தது ஏன்?

விடை கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. அன்று எடுத்துக் குளிரில் காத்து வைத்திருந்த குருதி நீரை 1980-இல் சோதித்தபோது, அது ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று எனத் தெளிந்தது. 1983-இல் சோவியத் விஞ்ஞானி பலயான், நோயாளியின் மலச்சாரத்தைத் தாமே உட்கொண்டு, காமாலையுற்று, புதிய வைரஸைக் கண்டு காட்டினார். 1990-இல் அதன் மரபுப் பொருள் படியெடுக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் இ. எடுத்து வைத்த சில குப்பிகளும் எழுதி வைத்த கணக்கும் இல்லாதிருந்தால், டில்லியின் துயரம் உலகுக்குப் பயன்படாமலே போயிருக்கும்.

நமக்கு என்ன?

நான் குடியிருக்கும் மயூர் விஹாரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இங்கும் குழாயில் நாள் முழுதும் தண்ணீர் வருவதில்லை. நீர் நிற்கும் வேளையில் குழாய் வெறுமையாகிறது. அருகே சாக்கடை கசிந்தால், குழாயின் வெடிப்பு வழியாக அது உள்ளே புகும். வீட்டார் டுல்லு பம்ப் வைத்து இழுக்கும்போது அந்த உறிஞ்சல் இன்னும் வலுக்கிறது. தன் வீட்டுத் தொட்டி விரைவில் நிரம்ப வேண்டும் என்னும் ஒருவரின் அவசரம் அடுத்த வீட்டுக் கர்ப்பிணியின் உயிருக்கு உலை வைக்கலாம். பொதுச் சுகாதாரம் என்பதில் 'பொது' என்னும் சொல்லின் பொருள் இதுதான்.

ஆகவே, மாணவராகிய நாம் செய்யக் கூடியவை சில உள. குழாய் நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருத்தல் வேண்டும்; எளிய சோதனைப் பெட்டியால் இதை எவரும் பார்க்கலாம். நீர் கலங்கினாலோ நாறினாலோ, கொதிக்க வைத்தே பருகுமாறு அண்டை அயலாருக்கு, சிறப்பாகக் கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்கு, எடுத்துச் சொல்லலாம். ஒரே குடியிருப்பில் இருவர் மூவருக்குக் காமாலை கண்டால், நோய் கண்ட நாள், வயது, தண்ணீர் வரும் வழி ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, மருந்தகத்திற்கும் நீர் வாரியத்திற்கும் உடனே தெரிவிக்கலாம்.

இதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும், எண்ணும் மனமும் வேண்டும். 1955-இல் நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே டில்லிக்குச் சில வாரங்கள் கிடைத்தன. வரப் போவதை அன்று எவரும் அறியவில்லை. அறிந்திருக்கும் நாம் வாளா இருத்தல் தகுமோ?