கையொப்பத்திற்கு முன் யாரைக் கேட்பது?

சில ஆண்டுகளுக்கு முன், பெங்களூரு அல்சூர்ப் பகுதியில் நாங்கள் பணியாற்றியபோது, எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தம் மகனுடன் வங்கிக்கு வந்தார். வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரவேண்டும் என்றார் மகன். அம்மையாரிடம் கேட்ட ஒவ்வொரு வினாவுக்கும் அவரே விடையளித்தார். அம்மையாரைத் தனியே அமரவைத்து, அவருடைய விருப்பம் என்ன என்று கேட்டோம். "எனக்கு என்னப்பா தெரியும்? யாரைப் போய்க் கேக்கிறது?" என்றார்.

மகன் தீயவர் அல்லர். கடன் நெருக்கடியில் இருந்தார். ஆயினும் அந்தத் தாயின் வினா நியாயமானது. பணத்தைப் பெறப்போகிறவரே ஆலோசகராகவும் இருந்தால், அதை ஆலோசனை என்று எவ்வாறு கூறுவது? முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் குடும்பத்திற்கு வெளியே நம்பிக் கேட்கக்கூடிய இடங்கள் நம் நகரில் உள்ளன. அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதியோருக்கு

நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டும் பெங்களூரு நகரக் காவல்துறையும் இணைந்து 2002இல் தொடங்கிய முதியோர் உதவி எண் 1090. துன்புறுத்தல், ஏமாற்றுதல், சொத்துத் தகராறு ஆகியவை குறித்து இங்கு முறையிடலாம். மத்திய அரசின் 'எல்டர் லைன்' 14567, நாடு முழுவதற்குமான கட்டணமில்லா எண்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. தம் வருவாயாலும் சொத்தாலும் வாழ இயலாத பெற்றோர், இச்சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். அதன் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். தாமே விண்ணப்பிக்க இயலாதவர், மற்றொருவருக்கோ ஓர் அமைப்புக்கோ அதிகாரம் அளிக்கலாம்.

வீட்டைப் பிள்ளைகளுக்குத் தானப் பத்திரம் எழுதுவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் செய்யுங்கள். பின்னர் அது மீறப்பட்டால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி தீர்ப்பாயத்தைக் கோர இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு துணைநிற்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு

லிங்கராஜபுரத்தில் உள்ள 'தி அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிஸபிலிட்டி' 1959 முதல் இயங்கிவரும் அமைப்பு. மறுவாழ்வு, கல்வி, வேலைப்பயிற்சி குறித்து அங்கு கேட்டறியலாம்.

தம் பணவிவகாரங்களைத் தாமே நடத்தும் உரிமை மாற்றுத்திறனாளிக்கும் பிறரைப் போலவே உண்டு என்கிறது 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம். ஒரு பரிவர்த்தனையில் உதவியாளருக்கும் அவருக்கும் நலன்கள் முரண்பட்டால், உதவியாளர் அதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குக் காப்பாளர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் அமைந்த குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

இலவசச் சட்ட உதவி

பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம், எச். சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுல கட்டடத்தில் இயங்குகிறது.

வங்கியில்

எழுபது வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லத்திற்கே வந்து அடிப்படைச் சேவை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆகவே, வர இயலவில்லை என்பதற்காக ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. உங்கள் கிளையில் கேளுங்கள்.

எவரிடம் ஆலோசனை பெற்றாலும் மூன்று வினாக்களை முன்வையுங்கள். இதற்குக் கட்டணம் உண்டா? இம்முடிவால் உங்களுக்கு ஆதாயம் உண்டா? என்னுடன் தனியே, தமிழில் பேச இயலுமா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் வரை எதிலும் கையொப்பமிட வேண்டாம்.

அந்த அம்மையார் அன்று பணம் எடுக்காமலே திரும்பினார். இரண்டு வாரம் கழித்து, ஆலோசனை கேட்டறிந்த பின் மீண்டும் வந்தார். ஒரு பகுதியை மகனுக்கு அளித்து, எஞ்சியதைத் தம் பெயரிலேயே புதிய வைப்பாக இட்டார். இம்முறை எங்கள் வினாக்களுக்கு அவரே விடையளித்தார்.